மாத்திரையே சாப்பிடாத பறவையின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது?

ஸ்டார்லிங் பறவைக்கு யாரும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. உடம்பு சரியில்லை என்று அது மெடிக்கல் ஷாப் வாசலில் போய் நிற்பதும் இல்லை. ஆனாலும், மாட்டுப் பண்ணைகளில் பிடித்த ஸ்டார்லிங்குகளை அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா சிக்கியது. சிப்ரோ என்று நாம் செல்லமாகச் சொல்லும் அதே மருந்துதான். சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்று எத்தனையோ மருந்துச் சீட்டுகளில் இடம்பிடித்தது.

'ஒரு குருவிக்கு வந்தால் நமக்கு என்ன?' என்று கடந்துபோக முடியாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தன. அந்தக் கிருமிகள் மருத்துவமனைக்குள் மட்டும் சுற்றுவதில்லை என்பதற்கு இந்தப் பறவை ஒரு சாட்சி.

அறுபதில் தொடங்கி இருபது கோடி

ஸ்டார்லிங் அமெரிக்கப் பறவையே அல்ல. நம்மூர் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பறவை. 1890 மார்ச்சில், யூஜின் ஷீஃப்லின் என்பவர் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் சுமார் 60 பறவைகளைத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டு இன்னொரு 40. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் பறவைகள் எல்லாம் அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் செய்தார் என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் தேடிப் பார்த்தவர்கள். ஒரு கட்டத்தில் வட அமெரிக்காவில் இதன் எண்ணிக்கை 20 கோடி என்று மதிப்பிடப்பட்டது.

இப்படி வந்து பரவும் அயல் இனங்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. எதையும் தின்னும், எங்கும் தங்கும், மனிதனை விட்டு விலகாது. காட்டுக்குள் ஒதுங்கி வாழும் பறவைக்கு மாட்டுச் சாணத்தோடு வேலை இல்லை. ஸ்டார்லிங்குக்கு அதுதான் குளிர்கால மெஸ்.

ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே இடத்தில் அடைத்து, தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணைகளை அமெரிக்காவில் 'ஃபீட்லாட்' என்பார்கள். பனிக்காலத்தில் வெளியே இரை கிடைக்காதபோது ஸ்டார்லிங்குகள் இங்கே வந்து குவியும். ஒரே பண்ணையில் பல்லாயிரம் பறவைகள் இறங்குவதும் உண்டு. தீவனத் தொட்டியில் மேலாக இருக்கும் நல்ல மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்னும், சாணத்தைக் கிளறும், மாடு குடிக்கும் தண்ணீரையே குடிக்கும். எச்சத்தையும் அதே தொட்டியில் போட்டுவிட்டுப் போகும். ராத்திரி ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் அடையும். மறுநாள் அதில் சில, வேறொரு பண்ணைக்குக் கிளம்பும். இரண்டு பண்ணைகளுக்கு இடையே மாடும் போகவில்லை, லாரியும் போகவில்லை, ஆனால் போக்குவரத்து நடந்துவிட்டது.

மாட்டுக்கும் சிப்ரோவுக்கும் என்ன சம்பந்தம்? மாடுகளின் சுவாச நோய்க்கு என்ரோஃப்ளாக்ஸசின் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. இது சிப்ரோவின் உடன்பிறப்பு. உடலுக்குள் போனதும் இதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்ஸசினாகவே மாறிவிடும். மாட்டின் குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் செத்துப்போகும். தற்செயலாக மருந்தைத் தாங்கும் சில மட்டும் பிழைத்து, காலியான இடத்தைப் பிடித்துப் பெருகி, சாணத்தில் வெளியே வரும்.

கதை இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பல எதிர்ப்பு மரபணுக்கள் 'பிளாஸ்மிட்' என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதற்கு அதைக் கடத்திவிடும். வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரிதான், அனுப்பியவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் வந்துவிடும். வாங்குவது வேறு இன பாக்டீரியாவாகக்கூட இருக்கலாம். ஒரே பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் சகஜம். அப்போது ஒரு மருந்தை நிறுத்தினாலும், இன்னொன்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மொத்த மூட்டையும் பத்திரமாக இருக்கும். ஸ்டார்லிங்கின் குடலில் இருக்கும் ஈ.கோலை அந்தப் பறவைக்கு எந்தத் தொந்தரவும் தராது. அதனால்தான் அது கவலைக்குரியது. நோய்வாய்ப்பட்ட பறவை சுருண்டு படுத்துவிடும், ஆரோக்கியமான பறவை சுமந்துகொண்டு பறக்கும்.

தட்டு வரைக்கும் வருமா?

வனவிலங்கின் குடலுக்கும் மனிதனின் தட்டுக்கும் இடையே பாதை இருக்கிறது என்பதைக் காட்டியது வேறொரு சம்பவம். 2006 செப்டம்பரில் அமெரிக்காவில் பசலைக்கீரை சாப்பிட்ட ஏறத்தாழ 200 பேர் 26 மாநிலங்களில் ஈ.கோலை ஓ157 தொற்றால் பாதிக்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். கீரை விளைந்த கலிஃபோர்னியாவில் தேடியபோது, வயலுக்கு அருகில் இருந்த மாடுகளிலும், ஓடைத் தண்ணீரிலும், அங்கே திரிந்த காட்டுப் பன்றிகளிலும் அதே ரகக் கிருமி கிடைத்தது. அந்தப் பன்றியும் ஸ்டார்லிங் மாதிரி ஐரோப்பியர்கள் கொண்டுவந்து விட்டதுதான். இது மருந்து எதிர்ப்பு பற்றிய சம்பவம் அல்ல. ஆனால் சாதாரணக் கிருமி நடந்துவந்த பாதையில், மருந்துக்கு அடங்காத கிருமியும் நடந்து வரும்.

அப்படியானால் குற்றவாளி பறவையா? இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மாட்டிலும் பறவையிலும் ஒரே வகைக் கிருமி இருந்தால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் போகும். சாக்கடையும் குப்பை மேடும்கூட பறவைக்கு இதைக் கொடுக்க முடியும். ஆனால் மூலம் எங்கே என்பதற்கு நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தின் கிராமப்புறக் காட்டெலிகளின் குடல் பாக்டீரியாவில் மருந்து எதிர்ப்பு பரவலாக இருந்ததாக 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. 2001-ல் ஃபின்லாந்தில், மனித நடமாட்டம் குறைந்த காடுகளில் எலிகளையும் மூஸ் எனும் பெரிய மான்களையும் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. எலி எலிதான், பக்கத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஸ்டார்லிங்குகளுக்கு விஷம் வைத்துக் கொல்கிறார்கள். அதில் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெக்சஸ் பண்ணை ஒன்றில் பறவைகளைக் குறைத்த பிறகு தீவனத் தொட்டிகளில் சால்மோனெல்லா கிருமி காணாமல் போனது, தண்ணீர்த் தொட்டிகளிலும் குறைந்தது. பண்ணைக்காரருக்கு அது லாபம்தான். ஆனால் மருந்து எதிர்ப்பு என்ற கணக்கில் பார்த்தால், கொன்றது தபால்காரரை, கடிதம் எழுதியவர் உள்ளேயே இருக்கிறார். சாணம் அப்படியேதான் இருக்கிறது. பறவை இல்லாவிட்டால் ஈயும் எலியும் ஓடைத் தண்ணீரும் அந்த வேலையைப் பார்க்கும்.

எழுதுபவரை நிறுத்த முடியும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்ஸசின் கொடுப்பதை அமெரிக்கா 2005-ல் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை, கால்நடைகள் வேகமாக வளர்வதற்காகத் தீவனத்தில் கலப்பது அங்கே 2017-ல் முடிவுக்கு வந்தது. இந்தியாவும் 2019 ஜூலையில், கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது. உத்தரவு பேப்பரில் இருப்பது வேறு, பண்ணையில் அமலாவது வேறு என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

பண்ணை மட்டத்தில் செய்யக்கூடியவை பெரிய ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை. தீவனக் கிடங்கை மூடி வைப்பது, பறவை கூட்டுக்குத் திரும்பிய பின் மாலையில் தீவனம் போடுவது, பறவையால் விழுங்க முடியாத அளவுக்குத் தீவன உருண்டையைப் பெரிதாக்குவது, கொட்டிக் கிடக்கும் தானியத்தை உடனே அள்ளுவது. இதற்கான செலவு பண்ணை உரிமையாளர் தலையில் விழுகிறது. மருந்து வேலை செய்யாமல் போனால் வரும் ஆஸ்பத்திரி பில்லோ, அந்தப் பண்ணையைப் பார்த்தே இராத யாரோ ஒருவருக்குப் போகிறது. இதைச் சந்தையிடம் விட்டால் சரியாகாது, அரசுதான் தலையிட வேண்டும்.

கண்காணிப்பிலும் அதே ஓட்டை. மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க அமெரிக்கா 1996-ல் தொடங்கிய தேசிய அமைப்பு, நோயாளிகள், கடையில் விற்கும் இறைச்சி, வெட்டுக்கு வரும் கால்நடை என்ற மூன்றைச் சுற்றியே கட்டப்பட்டது. பண்ணை மேல் பறக்கும் ஸ்டார்லிங் இந்த மூன்றிலும் சேராது. எப்படியும் ஆயிரக்கணக்கில் கொல்லப்படும் பறவைகளில் ஒரு சிறு பங்கின் குடலை ஒவ்வொரு குளிர்காலமும் தொடர்ந்து பரிசோதித்தாலே, எந்தப் பண்ணை வட்டாரத்தில் எந்த மருந்து பலமிழந்து வருகிறது என்பது, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே தெரிய வாய்ப்பிருக்கிறது.