நூற்றுக்கு எவ்வளவு?



நமது சபையில் தசமபாகம் கணக்கிடத் தெரியாதவர் எவரும் இல்லை. ஊதியம் 18,400 ரூபாய் என்றால், 1,840 என்று மனக்கணக்காகவே காணிக்கை உறையின்மேல் எழுதிவிடுகிறோம். அதே கை கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போது, நூற்றுக்கு எவ்வளவு என்று சற்றும் நின்று பார்ப்பதில்லை. இவ்வாரம் இதைக் குறித்தே எழுத விரும்புகிறேன். குற்றத்தை முதலில் என்மேல் வைத்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சகோதரி ஒருவர் கடன் படிவம் ஒன்றுடன் போதகர் இல்லத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர், தையல் தொழிலால் இரு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். இயந்திரங்கள் வாங்க ஒரு லட்சம் ரூபாய்க் கடன். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. 24 மாதத் தவணை. "ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். படிவத்தின்மேல் கைவைத்து ஜெபித்தேன். அதை வாசிக்கவில்லை. 12 விழுக்காடு நியாயமான வட்டிதான் என்ற எண்ணம் எனக்கு.

ஓராண்டு கழித்து மீண்டும் வந்தார். "பாதிக்கு மேல கட்டிட்டேன் ஐயா. இன்னும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுறாங்களே, அது எப்படி?" இறையியல் கல்லூரியில் நான் கற்ற எதுவும் அக்கேள்விக்கு விடை தரவில்லை. அன்றிரவு தாளும் பேனாவுமாக அமர்ந்தேன்.

ஒரு லட்சத்திற்கு 12 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 12,000; இரண்டு ஆண்டுகளுக்கு 24,000. மொத்தம் 1,24,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் மாதம் 5,167. கணக்கில் பிழை இல்லை. ஆனால் முழு லட்சமும் அவர் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், அவர் கையில் இருந்தது ஏறக்குறைய பாதித் தொகைதான். வட்டியோ முழுத் தொகைக்கும் செலுத்தப்படுகிறது. இதைத்தான் 'ஃப்ளாட் வட்டி' என்கிறார்கள். குறைந்துவரும் அசலுக்கு ஏற்பக் கணக்கிட்டால், அந்த 12 விழுக்காடு உண்மையில் 21½ விழுக்காடாகிறது. நான் கைவைத்து ஜெபித்த தாளில் இவ்வளவும் இருந்தது.

இதற்குள் அவர் தவணை கட்டுவதற்காகத் தண்டல் கடனும் வாங்கியிருந்தார். 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் கிடைத்தது 8,500. நாள்தோறும் 100 ரூபாய், 100 நாள்கள். "1,500 ரூபாய்தானே" என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதையும், காலம் மூன்றே கால் மாதம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு 120 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தாம் கொடுப்பது எவ்வளவு வட்டி என்றே அறியாதவர் எந்தச் சட்டத்தைத் தேடிப் போவார்?

நெகேமியாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பஞ்சத்திலும் ராஜாவின் வரியாலும் நொந்த ஜனங்கள், நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்து, பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுத்து நிற்கிறார்கள். அங்கே பேசப்படும் அளவு நூற்றில் ஒரு பங்கு. அது மாதத்திற்கு உரியது என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. நம் ஊர் வழக்கில் சொன்னால் 'ஒரு வட்டி', ஆண்டுக்கு 12 விழுக்காடு. அதற்கே நெகேமியா சபையைக் கூட்டித் தலைவர்களைக் கடிந்துகொண்டார். நம்மிடையே 'ரெண்டு வட்டி' மலிவு என்றும், 'மூணு வட்டி' பரவாயில்லை என்றும் பெயர் பெற்றிருக்கின்றன. மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36. அப்படிக் கொடுப்பவர்களும் நமது ஆராதனையில்தான் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நெகேமியா அங்கே தம்மைத் தப்பவைத்துக்கொள்ளவில்லை. தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை எல்லார் முன்பாகவும் ஒப்புக்கொண்டு, அதன்பின் மற்றவர்களையும் விட்டுவிடும்படி கேட்டார்.

"பிரசங்க பீடத்தில் கணக்குப் பாடமா, ஐயா?" என்று சிலர் கேட்கக்கூடும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றிப் பேசியவர் நம் ஆண்டவரே. அந்த உவமை சீஷத்துவத்தைப் பற்றியது என்பது உண்மை. ஆயினும் கணக்குப் பாராமல் கட்டத் தொடங்குகிறவன் நகைப்புக்கு இடமாவான் என்பதை அன்று கேட்டிருந்த எளிய ஜனங்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் உவமை விளங்கியது.

கணக்கும் கடினமன்று, தசமபாகம் தெரிந்தால் போதும். பத்து விழுக்காட்டில் பாதி ஐந்து. பத்தில் ஒரு பங்கு ஒன்று. இவற்றைக் கூட்டியும் கழித்தும் எதையும் மதிப்பிடலாம். மகள் திருமணத்திற்கு ஐந்து பவுன் சங்கிலி, அதாவது 40 கிராம், எடுக்கிறீர்கள். சேதாரம் 18 விழுக்காடு என்கிறார் கடைக்காரர். பத்துக்கு 4 கிராம், இருபதுக்கு 8. அதில் இரண்டு விழுக்காடான 0.8 கிராமைக் கழித்தால் 7.2 கிராம். அணிய முடியாத ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவான தங்கத்திற்கு விலை கொடுக்கிறோம். அதன்மேல் மூன்று விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. இதைக் கடையிலேயே மனத்திற்குள் போட்டுப் பார்த்தால், சேதாரத்தைக் குறைக்கும்படி கேட்கத் துணிவு வரும். துணிக்கடையின் '50 விழுக்காடும், மேலும் 20 விழுக்காடும் தள்ளுபடி' என்பதும் 70 ஆகாது. 1,000 ரூபாய்ப் புடவை 500 ஆகி, பின்பு 400 ஆகும். தள்ளுபடி 60தான்.

கடன் வாங்கச் செல்பவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றை, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். மற்ற எண்கள் எல்லாவற்றிற்கும் முன் அந்த ஓர் எண்ணைப் பாருங்கள்.

நம் சகோதரி ஓர் இயந்திரத்தை விற்றுத் தண்டல் கடனை அடைத்தார். மீதித் தவணைகளையும் கட்டி முடித்துவிட்டார். இதை எழுத அவரே அனுமதித்தார்; "மத்தவங்களாவது கேட்கட்டும் ஐயா" என்றார்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், சபை மண்டபத்தில் ஒரு மணி வரை இருப்பேன். வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவரும் உடனிருப்பார். கையொப்பமிட்ட பத்திரம், இடப்போகும் பத்திரம், எதுவானாலும் கொண்டுவாருங்கள். முதலில் வாசிப்போம், பின்பு ஜெபிப்போம்.