டிராயருக்குள் கிடக்கும் கார்டு தூங்குவதில்லை

மேட்டூர் சம்பளக்காரர்களின் ஊர். 1934இல் அணை கட்டி முடிந்த பிறகு அதைச் சுற்றி எழுந்த ஆலைகளும், பின்னால் வந்த அனல் மின் நிலையமும் இந்த ஊருக்கு மாதச் சம்பளத்தைப் பழக்கின. சம்பளக் கணக்கு இருக்கும் இடத்துக்கு கிரெடிட் கார்டு தானாக வந்து சேரும். “இலவசம்தான் சார், இங்க ஒரு கையெழுத்து” என்று நீட்டிய படிவத்தில் பிறந்த கார்டுகள் பல வீடுகளில் ரேஷன் கார்டுக்கும் பழைய எல்ஐசி ரசீதுக்கும் நடுவே கிடக்கின்றன. ஒருமுறைகூடத் தேய்க்கப்படாதவையும் அவற்றில் உண்டு.

வைத்திருப்பதா, முடித்துவிடுவதா?

சேலம், நாமக்கல் பக்கத்தில் கடன் என்றதும் நினைவுக்கு வருவது நகைக்கடன். பணத்தைக் கட்டி நகையை மீட்டால் கணக்கு முடிந்தது. கார்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கத்தரிக்கோலால் நான்காக வெட்டிக் குப்பையில் போட்டாலும் வங்கியின் ஏட்டில் அது உயிரோடுதான் இருக்கும். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 590 ரூபாயாகப் பில்லில் ஏறும். அந்தப் பில், யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போகும். வேலை மாறி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, செல்போன் எண்ணையும் மாற்றிவிட்டவருக்கு அது தெரியவே வழியில்லை. அடுத்தது தாமதக் கட்டணம். அதற்கும் அடுத்தது, பணம் கட்டத் தவறியவர் என்று, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒரு பதிவு. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது என்று 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. பதிவுக்கு அப்படி ஒரு தடை இல்லை.

அந்தப் பதிவு எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 ஜூன் மாதத் தீர்ப்பு ஒன்றே போதும். பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரி பணிக்குத் தேர்வாகி நியமன ஆணையும் பெற்ற ஒருவரை, கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி நிராகரித்தது. விண்ணப்பித்த சமயத்தில் தனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் வங்கியின் முடிவையே ஏற்றது. அவருடைய சிக்கல் வெறும் ஆண்டுக் கட்டணத்தில் வந்ததல்ல என்பது வேறு விஷயம். ஆனால் வீட்டுக்கடன் வாங்கப் போகும்போது மட்டும் பார்க்கப்படுவது என்று நாம் நினைத்திருந்த ஏடு, இப்போது வேலைக்கும் புரட்டப்படுகிறது.

இந்தப் பயத்தைத்தான் வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கார்டை முடிக்க வேண்டும் என்று போன் செய்தால் வரும் முதல் பதில், “முடிச்சா சிபில் அடிபடும் சார்.” பாதி உண்மை. ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்பில் ஒரு கார்டும், 50 ஆயிரம் வரம்பில் இன்னொன்றும் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 30 ஆயிரம் செலவு செய்தால், மொத்த வரம்பில் அது 20%. பெரிய கார்டை முடித்துவிட்டு அதே செலவைத் தொடர்ந்தால் 60%. கடன் வரம்பை இப்படி நெருக்கிப் பயன்படுத்துபவருக்கு மதிப்பெண் குறையும். 30 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது என்பது வழக்கமான ஆலோசனை. இரண்டாவது கார்டையும் தொடாதவருக்கு இந்த வாதம் பெரும்பாலும் பொருந்தாது. முடித்த கணக்கின் வரலாறும் மறுநாளே அழிந்துவிடாது, பல ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும்.

எனவே, வாழ்நாள் முழுக்கக் கட்டணமில்லாத பழைய கார்டு என்றால் வைத்திருக்கலாம். ஆனால் சும்மா வைத்திருக்க முடியாது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை முடிக்கும் வேலையை வங்கியே தொடங்க வேண்டும். தகவல் அனுப்பி 30 நாளில் பதில் வராவிட்டால், பாக்கி இல்லாத கணக்கை மூடிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணத்தை அதில் கட்டி, பில் வந்ததும் முழுதாக அடைத்துவிட வேண்டும். முழுதாக என்பது முக்கியம். கார்டு வட்டிக்கு 30% உச்சவரம்பு விதித்திருந்த பழைய நுகர்வோர் ஆணைய உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தாண்டும் கார்டுகள் சாதாரணம்.

கட்டணம் கேட்கும் கார்டைப் பயன்படுத்தவில்லை என்றால் முடிப்பதே சரி. வீட்டுக்கடனுக்கோ வண்டிக்கடனுக்கோ விண்ணப்பிக்கும் சமயமாக இருந்தால் மட்டும், கடன் கைக்கு வரும்வரை பொறுக்கலாம்.

முடிக்கச் சேலத்துக்கு அலைய வேண்டாம். தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. பாக்கியை அடைத்து, சேர்ந்திருக்கும் ரிவார்டு புள்ளிகளைத் தீர்த்துவிட்டு, மின்னஞ்சலிலோ செயலியிலோ கேட்டால் போதும். ஏழு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இந்த 500 ரூபாய் விதியைப் போனில் நினைவூட்டினால் ‘சிபில் அடிபடும்’ உபதேசம் சுருங்கிவிடும்.

கணக்கு முடிந்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி, ஒரு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையைப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அதில் கணக்கு இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.