துணிவு இருக்கிறதா என்று கேட்பவருக்கு

"மதத்தைக் கேலி செய்து ஆவணப்படம் எடுப்பவர்கள் ஒரு மதத்தைத்தான் சீண்டுவார்கள், அடுத்ததைத் தொடத் துணிவு உண்டா?" என்று கேட்கிறீர்கள். கோவையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? 2017 மார்ச்சில் இதே ஊரில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த திராவிடர் விடுதலைக் கழக இளைஞர் ஒருவர் கடவுள் மறுப்பு பேசியதற்காகக் கொல்லப்பட்டார். வயது 31. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனார், மகனின் இயக்கத்திலேயே சேரப்போவதாக அறிவித்தார். இதற்கு மேல் என்ன துணிவு வேண்டும் உங்களுக்கு?

மனம் புண்படுவது மெய்தான். அப்படிப் புண்படுபவர்கள் தன் ராமாயண நாடகத்துக்கு வரவேண்டாம் என்று எம்.ஆர்.ராதா விளம்பரமே செய்தார். அரசோ 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. அதன் பிரிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2013 ஆயிற்று. படம் பிடிக்கவில்லையா, எழுந்து போங்கள், மறுத்து எழுதுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறார் என்று காவல் நிலையம் போகாதீர்கள்.