யாருடைய உண்மை?

2013-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேம் ஒரு பொய்ச் சத்தியத்தில் முடிகிறது. (இன்னும் விளையாடாதவர்கள் பொறுத்தருள வேண்டும், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை.) பூஞ்சைத் தொற்றால் உலகம் சிதைந்து இருபது வருடங்களுக்குப் பிறகு நடக்கும் கதை. பதினான்கு வயது எல்லியை மட்டும் அந்தத் தொற்று ஒன்றும் செய்வதில்லை. அவளை வைத்து மருந்து கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவின் குறுக்கே சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை வரை அழைத்துப் போகிறான் ஜோயல். மகளைப் பறிகொடுத்தவன் அவன். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிகிறது: மருந்துக்காக அவள் மூளையைத் திறந்தால் அவள் பிழைக்க மாட்டாள். அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கொன்றுவிட்டு, மயக்கத்தில் கிடந்தவளைத் தூக்கி வந்துவிடுகிறான். அவள் கண்விழித்ததும், உன்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், மருந்து முயற்சியையே அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்கிறான். சத்தியமா என்று பிறகு கேட்கிறாள். சத்தியம் என்கிறான்.

ஜோயல் செய்தது சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பெற்ற மனம் அப்படித்தான் செய்யும் என்பது ஒரு கட்சி. உலகத்துக்கே கிடைத்திருக்கக்கூடிய மருந்தைக் கெடுத்தான் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் அவன் காப்பாற்றியதைப் பற்றியே பேசுகின்றன. காப்பாற்றியதையும் மறைத்ததையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது என்பதே நம் கருத்து. மருத்துவமனையில் அவனுக்கு நின்று யோசிக்க நேரமில்லை. பொய்யோ, ஆபத்தெல்லாம் விலகிய பிறகு, காரில் போகும்போது நிதானமாகச் சொன்னது. அது எல்லியின் உயிரைக் காக்கவில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்ற அவனுடைய பயத்தைத்தான் காத்தது.

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. உலகத்தைக் காப்பதாகச் சொன்னவர்கள் அவளை எழுப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயக்கம் தெளியும் முன்பே மேசையில் கிடத்திவிட்டார்கள். அவளுடைய சாவை ஒருவரும் பிழைப்பை இன்னொருவரும் அவளைக் கேட்காமலே முடிவு செய்தார்கள்.

இதை வசனத்தால் விளக்காமல் ஆட்டத்தாலேயே உணர்த்தியதில்தான் அந்தக் கதையாசிரியர்களின் நேர்மை இருக்கிறது. மருத்துவரைக் கொல்லாமல் கதை நகராது. அந்தப் பாவத்தில் ஆட்டக்காரருக்கும் பங்கு. ஆனால் கடைசி நடையில் கன்ட்ரோலர் எல்லியின் கால்களை இயக்குகிறது. முழு உண்மையும் தெரிந்த நாம், ஏமாற்றப்படுகிறவளாக ஜோயலின் பின்னால் மேடேறிப் போக வேண்டும். 2020-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தப் பொய்க்கு வட்டியோடு கணக்குத் தீர்க்கிறது. எல்லி தானே அந்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் உண்மையைக் கறக்கிறாள், உறவு முறிகிறது.

2001-இல் வந்த ஜப்பானிய ஆட்டமான ‘ஃபைனல் ஃபேன்டஸி 10’ இதற்கு நேர் எதிர். ‘சின்’ என்ற அரக்கனை வீழ்த்தினால் நாயகி யூனா இறந்துபோவாள் என்பது கூட வருகிற எல்லோருக்கும் தெரியும், நாயகன் டீடஸ் ஒருவனைத் தவிர. எல்லாம் முடிந்த பிறகு அங்கே போகலாம், இங்கே போகலாம் என்று அவளிடமே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். உண்மை தெரியும்போது நொறுங்கிப்போகிறான். ஆனாலும் யூனாவைக் குற்றம் சொல்ல மனம் வருவதில்லை. அது அவளுடைய சாவு, அவள் தெரிந்தே ஏற்றது. சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. ஜோயல் மறைத்ததோ எல்லியின் சொத்து.

இது ஏதோ விளையாட்டுப் பிள்ளைகளின் வாதம் என்று ஒதுக்க முடியாது. “ரிப்போர்ட்டை அப்பாகிட்ட காட்டிடாதீங்க டாக்டர்” என்று மருத்துவமனை வராந்தாவில் கெஞ்சாத குடும்பம் நம்மிடையே குறைவு. உடனே வள்ளுவரைத் துணைக்கு அழைப்போம். அவர் பொய்க்கு இடம் கொடுத்தது குற்றமற்ற நன்மை விளையும்போது மட்டும்தான். அந்த நிபந்தனையை வசதியாக மறந்துவிடுகிறோம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்பது அத்தனை கடினமா?

மீண்டும் கதைகளுக்கு வருவோம். உண்மைக்கான பொறுப்பு கதை எழுதுபவரோடு நிற்பதில்லை. பாத்திரங்கள் பொய் சொல்லட்டும். பொய்யில்லாத கதை ஏது? ஏமாற்றப்பட்டவருக்கு என்றாவது ஒருநாள் கேள்வி கேட்கும் இடத்தைக் கதை தர வேண்டும், அவ்வளவுதான். தயாரிப்பாளருக்கும் ஒரு வரம்பு உண்டு. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தின் டிரெய்லரில், ஆட்டத்தில் ஜெஸ்ஸி என்பவன் வரும் காட்சியில் ஜோயலை வைத்துக் காட்டினார்கள். ஜோயல் தொடக்கத்திலேயே கொல்லப்படுவதை மறைக்கத்தான். திருப்பத்தைச் சொல்லாமல் விடுவது கலை. இல்லாத காட்சியைக் காட்டிக் காசு வாங்குவதை நாம் அப்படி ஏற்பதற்கில்லை. பெற்றோருக்கும் ஒரு சொல்: இந்த ஆட்டம் அமெரிக்காவில் 17, ஐரோப்பாவில் 18 வயது நிறைந்தவர்களுக்கென முத்திரையிடப்பட்டது. வீட்டில் வளர்ந்த பிள்ளை விளையாடினால், எல்லியின் இடத்தில் நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

ஆட்டக்காரர்களின் பங்கு இன்னும் பெரியது. ஜோயலைக் கொல்லும் ஆபி, முதல் பாகத்தில் அவன் கொன்ற மருத்துவரின் மகள். அவளுக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. 2020 ஜூலையில் அவரே அவற்றைப் பொதுவெளியில் காட்டினார். கதையில் நடந்த ஒரு கொலைக்காக நிஜத்தில் ஒரு பெண் மிரட்டப்பட்டார். ஜோயல் பக்கம் நின்று வாதாடுங்கள், எல்லி பக்கம் நின்று கொதித்தெழுங்கள். மிரட்டல் கண்ணில் பட்டால், அது உங்கள் கட்சிக்காரர் எழுதியதே ஆனாலும், முதலில் தடுத்துக் கேட்பது நீங்களாக இருங்கள்.