விற்றதோடு கடமை தீர்ந்ததா?

கடிகாரம் ஒன்று வாங்குகிறோம். வாங்கிய நாளில் எப்படி ஓடிற்றோ அப்படியேதான் அடுத்த ஆண்டும் அது ஓடும். மிதிவண்டி வாங்குகிறோம். அது தேயும், துருப்பிடிக்கும்; ஆனால் அதைச் செய்தவர் நள்ளிரவில் நம் வீட்டுக்குள் நுழைந்து சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டிவிட்டுப் போவதில்லை. விலை கொடுத்து வாங்கிய பின்னும் பாதி செய்தவர் கையிலேயே இருக்கும் பொருள் கைப்பேசி. அதனுள் ஓடும் மென்பொருளை மாற்ற வல்லவர் அவரே. அவர் மாற்றாமல் விட்டால் நமக்கு இழப்பு. பிழையோடு மாற்றினாலும் நமக்கே இழப்பு. இந்த விந்தையான வாணிகத்தைப் பற்றி நம் மாணவ நண்பர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்டேட் என்று நாம் வழங்கும் புதுப்பிப்பில் இருவகை உண்டு. ஒன்று அலங்காரம்: புதிய நிறம், புதிய எழுத்து, திரையில் ஆடும் புதிய பொம்மை. அது வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? மற்றது காவல். 2015ஆம் ஆண்டு ஜூலையில், ஒரு படச்செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டுக் கைப்பேசிக்குள் புகுந்துவிட முடியும் என்ற குறை வெளிப்பட்டது. ஸ்டேஜ்ஃபிரைட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் பிறகு ஆகஸ்டிலிருந்து கூகுள் நிறுவனம் திங்கள்தோறும் இன்னின்ன ஓட்டைகள் கண்டோம், அடைத்தோம் என்று வெளிப்படையாக அறிக்கை விடத் தொடங்கிற்று. நல்ல வழக்கந்தான். ஆனால் அறிக்கையை நாம் மட்டுமா படிக்கிறோம்? திருடரும் படிக்கின்றனர். கைப்பேசி செய்த கம்பெனியோ அந்த அடைப்பை நமக்கு அனுப்ப மூன்று மாதம், ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. சில மாதிரிகளுக்கு அனுப்புவதே இல்லை. இன்ன தெருவில் இன்ன வீட்டின் பூட்டு உடைந்துள்ளது என்று ஊரறியப் பறையறைந்துவிட்டுப் புதுப்பூட்டை மட்டும் தைப்பொங்கலுக்குத் தருகிறேன் என்றால், அதை என்னவென்று சொல்வது?

பறிபோவது என்ன என்று கேட்பீர்கள். வங்கி போகிறது. 2016இல் யு.பி.ஐ. வந்தது முதல் கைப்பேசியே நம் பணப்பை. டாலிகஞ்சில் பத்து ரூபாய் ஜால்முரிக்கும் கடைக்காரர் கட்டத்தைக் காட்டுகிறார். நாம் கைப்பேசியை நீட்டுகிறோம். ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்து வாழும் நம்மவர்க்கு, மாணவராயினும் கூலி வேலை செய்பவராயினும், அதுவே தபாற்பெட்டி, அதுவே மணியார்டர், அதுவே இரயில் சீட்டு. அதிலும் விலை குறைந்த கைப்பேசியே நம்மிற் பலர் கையில் இருக்கிறது. காவல் மிகுதியாக வேண்டியவனுக்குத்தான் காவல் குறைவாகக் கிடைக்கிறது.

மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர் மாறிய பின்னும் எல்லோரும் டாலிகஞ்ச் என்றே சொல்லும் மெட்ரோ நிலையத்துக்கருகில் கைப்பேசி பழுதுபார்ப்போர் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் பழுதென்று போனால் முதல் அறிவுரை எப்போதும் ஒன்றே: "ஆப்டேட் கொர்பேன் நா, தாதா!" புதுப்பிக்காதீர்கள் என்பது பொருள். அனுபவத்தில் கண்டதை அவர்கள் சொல்கின்றனர். குறை கூற முடியாது. ஆயினும் இதைவிடக் கேடான நிலை வேறென்ன? பிழையுள்ள புதுப்பிப்பால் நூறு கைப்பேசிகள் கெட்டால், அக்கதையைக் கேட்டுப் பல்லாயிரம் பேர் நல்ல புதுப்பிப்பையும் மறுத்துவிடுகிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைக் கருவியோடு இணைந்த கணினியை நாங்கள் புதுப்பிப்பதில்லை. புதுப்பித்தால் கருவி பேசாது. ஆனால் அதை வலையில் இணைப்பதுமில்லை. கைப்பேசியை வலையில் இணைக்காமல் வைத்திருக்க முடியுமா?

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பூஜை விடுமுறைக்கு மூன்று நாள் இருக்கையில் என் கைப்பேசி இரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் கம்பெனியின் சின்னம் தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும், அவ்வளவே. வாங்கிப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. பழுதுநிலையத்தில் இருந்தவர், "வாரண்டி முடிந்துவிட்டது தாதா, மதர்போர்டு மாற்ற வேண்டும்" என்று சொல்லி, வாங்கிய விலையில் பாதிக்குமேல் கேட்டார். நான் கீழே போட்டேனா, நீரில் நனைத்தேனா? நீங்கள் அனுப்பியதைத்தானே அது ஏற்றுக்கொண்டது என்றேன். "அது கம்பெனி விஷயம், எனக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஊருக்குப் போகும் சீட்டு அதில் இருந்தது. ஆய்வுக் குறிப்புகளின் படங்கள் நான்கு மாதத்தவை அதில் இருந்தன. சிம் அட்டையை இரவல் கைப்பேசி ஒன்றில் இட்டு வங்கியில் மறுபடி பதிவுசெய்து முடிப்பதற்குள் அம்மா இரண்டு நாள் அழைத்து ஓய்ந்துபோனார். அந்தக் கம்பெனியின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. ஒரு கம்பெனியைத் திட்டுவதால் தீரும் நோயன்று இது.

நோயின் வரலாறு நம் நாட்டிலேயே நன்கு தெரிகிறது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் புதுதில்லியில் ஆண்ட்ராய்டு ஒன் என்னும் திட்டத்தைக் கூகுள் தொடங்கிற்று. அதை அறிமுகம் செய்தவர் சென்னையில் வளர்ந்து, நாம் இருக்கும் இதே வங்கத்தில் கரக்பூரில் பயின்ற சுந்தர் பிச்சை. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்னும் மூன்று இந்தியக் கம்பெனிகள் கருவியைச் செய்யும். புதுப்பிப்பைக் கூகுளே நேரே அனுப்பும். விலை ஆறாயிரத்து நானூறு ரூபாய்க்கு அருகில். எளியவனுக்கும் புதுமை உடனே கிட்டும் என்ற வாக்குறுதி அது. எண்ணம் மிக நல்லதென்றே இன்றும் கருதுகிறேன்.

பிறகு அப்பொறுப்பு மெல்ல மெல்லக் கைப்பேசிக் கம்பெனிகளின் தோளுக்கே திரும்பிற்று. 2017 செப்டம்பரில் ஷாவ்மி நிறுவனம் மி ஏ1 என்னும் மாதிரியை இத்திட்டத்தின் பெயரால் இந்தியாவில் வெளியிட்டு, ஓரியோ என்னும் புதிய பதிப்பை ஆண்டு முடிவதற்குள் தருவோம் என்றது. சொன்ன சொல் காத்தது: டிசம்பர் 31ஆம் நாள் அனுப்பிற்று. ஜனவரி பிறந்ததும் பிழைகள் மலிந்தமையால் நிறுத்திவைத்தது! மூன்றாண்டு கழித்து அதே கதை. 2019இல் வந்த மி ஏ3 மாதிரிக்கு ஆண்ட்ராய்டு 10 மாதக்கணக்கில் தாமதித்து 2020 பிப்ரவரி இறுதியில் வந்து, வந்தவுடன் நின்றது. அடுத்து ஆண்ட்ராய்டு 11. அதுவும் டிசம்பர் 31! 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதை ஏற்றுக்கொண்ட கைப்பேசிகள் பல, திரை இருண்டு உயிரற்ற கட்டையாயின. கம்பெனி அனுப்புவதை நிறுத்தி, பழுதானவற்றை வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகச் சீர்செய்து தருவதாக அறிவித்தது. அதைப் பாராட்டவே வேண்டும். எல்லோரும் அவ்வளவும் செய்வதில்லை. ஆயினும் ஒரே நிறுவனத்தின் இரு புதுப்பிப்புகள் இரண்டு டிசம்பர் 31ஆம் நாள்களில் வெளிவந்து இரண்டும் நின்றதைக் காணும்போது, சோதனை முடிந்ததால் வெளியிட்டார்களா, காலண்டர் முடிந்ததால் வெளியிட்டார்களா என்ற ஐயம் எழாமல் இருக்குமா?

தாமதமும் பிழையும் ஒன்றுக்கொன்று எதிரானவை, மெதுவாகச் செய்தால் பிழையின்றி வரும் என்று நாம் நினைக்கிறோம். இங்கோ இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கூகுள் மூலநிரலை வெளியிட்டவுடன் அது நம் கைக்கு வருவதில்லை. குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லுக் கம்பெனிகள் தம் சில்லுக்கு அதைப் பொருத்த வேண்டும். பின் கைப்பேசிக் கம்பெனி தன் அலங்காரத்தை அதன்மேல் பூச வேண்டும்; கேமரா, விரல்ரேகை, சிம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு இவ்வளவு வேலை என்றால், ஓராண்டில் இருபது மாதிரி விற்கும் கம்பெனிக்கு எவ்வளவு? பெயரில் ஓர் எழுத்தும் கேமராவில் ஒரு கண்ணும் மாற்றிப் புதிய மாதிரி என்று விற்பதற்கு ஆள் இருக்கிறது. விற்றதைப் பேண ஆள் இல்லை. பழைய மாதிரியில் வேலை செய்பவன் கம்பெனிக்குச் செலவு, புதிய மாதிரியில் வேலை செய்பவன் வரவு. வேலை தேங்குகிறது, நாள் நெருங்குகிறது, அரைகுறையாக வெளியேறுகிறது. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனிகளும் இடையே நின்று சோதிப்பதால் தாமதம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நம் நாட்டில் கைப்பேசியைப் பெரும்பாலும் கடையில் வாங்குகிறோம். அந்தச் சமாதானமும் இங்கே செல்லாது. தொழில்நுட்பத் தடை ஒன்று உண்மையிலேயே இருந்தது. சில்லின் பகுதியையும் இயங்குதளத்தின் பகுதியையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை 2017இல் டிரெபிள் என்ற பெயரில் கூகுள் செய்தபின் அதுவும் பெரிதும் தளர்ந்தது.

விலை மலிந்த கைப்பேசிக்கு இத்தனையும் செய்தால் கட்டுப்படியாகுமா என்பர் சிலர். நேர்மையான கேள்விதான். 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைப்பேசிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தபோது, அது செல்வர்க்குரிய சலுகை என்றே நானும் எண்ணினேன். அதே 2024 அக்டோபரில் இருபதாயிரம் ரூபாய்க்குள் விற்கப்பட்ட கேலக்சி ஏ16க்கும் ஆறாண்டு என்று சாம்சங் அறிவித்தது. ஆக, கட்டுப்படியாகாது என்பது இயற்கை விதியன்று, கணக்கெழுதும் முறை. அறிவித்தபடி ஆறாண்டும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

ஏழாண்டு என்று சொல்வதும் போதாது. விரைவாக அனுப்புவதில் ஆப்பிளை மிஞ்சுவார் இல்லை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடும். அந்த ஆப்பிளுக்கே, பழைய கைப்பேசிகளை மந்தமாக்கும் புதுப்பிப்பை ஏற்கச் செய்ததற்காக, 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. சாம்சங்குக்கு ஐம்பது இலட்சம். நம் நாட்டிலும் 2025 ஜனவரியில், ஐ.ஓ.எஸ். 18 ஏற்றியபின் கைப்பேசி சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த முறையீடுகளைக் கொண்டு, நுகர்வோர் பாதுகாப்பு மைய ஆணையம் ஆப்பிளுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. 1915 என்ற அந்த எண்ணை நண்பர்கள் குறித்துக்கொள்க. புலம்பலைத் தேநீர்க் கடையோடு நிறுத்தாமல் அங்கே பதிவு செய்தவர்கள் இருந்தமையால்தானே அந்த அறிவிப்பு பிறந்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி இன்னும் தெளிவானது. ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டு புதுப்பிப்பு இலவசமாகக் கிடைக்க வேண்டும். காவற் புதுப்பிப்பு, மூலநிரல் வெளியான 4 மாதத்துக்குள் பயன்படுத்துவோரை அடைய வேண்டும். அவ்விதியின் வாசகத்தில் ஓட்டை உண்டு என்பாரும் உளர், இருக்கட்டும். தாமதத்திற்கு ஓர் எல்லை உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் காவற் புதுப்பிப்பு தரப்படும் என்பதை விற்பவர் முன்னதாகவே அறிவித்தாக வேண்டும்.

நாம் எங்கே நிற்கிறோம்? நம் நுகர்வோர் துறை அமைத்த குழு ஒன்று, கைப்பேசி முதலியவற்றுக்குப் பழுதுபார்ப்புக் குறியீட்டெண் வேண்டுமென்று 2025 மே மாதத்தில் அறிக்கை தந்தது. மதிப்பிட வேண்டியவற்றுள் உதிரிப் பாகங்களோடு மென்பொருள் புதுப்பிப்பையும் அக்குழு சேர்த்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் குறியீட்டெண்ணைக் கம்பெனிகளே தமக்குத் தாமே இட்டுக்கொள்ளுமாம்! தேர்வெழுதியவனே தாளையும் திருத்தினால் யார்தான் தோற்பார்? எண் இருக்கட்டும், எனக்கு வேண்டியது ஒரு தேதி. பொட்டலப் பொருள்களின்மேல் விலையும், செய்த மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டுமென்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், 'இதற்குக் காவற் புதுப்பிப்பு இன்ன நாள் வரை' என்று ஒரு வரி. மருந்துப் புட்டியில் இருக்கிறதே, அதுபோல. புதுப்பிப்பால் கெட்ட கைப்பேசியை, வாரண்டி முடிந்ததா என்று கேளாமல் சீர்செய்து தர வேண்டும் என்று இன்னொரு விதி. இவ்விரண்டும் போதும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. புதிய மாணவர்கள் வங்கத்துக்குப் புறப்படும் முன்பே ஊரில் கைப்பேசி வாங்கிவிடுகின்றனர். அண்ணன்மாரைக் கேட்டே வாங்குகின்றனர். நம் சங்கம் ஆண்டுதோறும் அவர்களுக்கு அனுப்பும் விடுதி விவரத் தாளின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அதில் மாதிரியின் பெயர், வெளிவந்த மாதம், கம்பெனி அறிவித்துள்ள புதுப்பிப்புக் காலம், சென்ற ஆண்டு புதுப்பிப்பு எத்தனை முறை உண்மையில் வந்தது என நான்கு பத்திகள் அச்சிடலாம். முதல் மூன்றையும் கம்பெனிகளின் அறிவிப்புகளிலிருந்து எடுக்கலாம். நான்காவதற்கு நம் விடுதிகளில் இருக்கும் கைப்பேசிகளே சான்று. தொகுக்க மூவர் வேண்டும். நான் ஒருவன் இருக்கிறேன். இன்னும் இருவர் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் மே மாதத்துக்குள் முடித்துவிடலாம்.