இறந்த பூநாரையின் எலும்பு எங்கே போகிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் 28ஆம் பிரிவில் இப்போது நிழற்படத்தோடு படப்பிடிப்பும் இடம்பெறுகிறது. வாழிடத்தை மாற்றக்கூடாது, உயிரினங்களுக்கு ஊறு நேரக்கூடாது என்பது நிபந்தனை. நம் அனிமேஷன் துறை இதை முழுமனதாக ஏற்க வேண்டும். பழவேற்காட்டில் மேயும் பூநாரைக் கூட்டத்தைப் படகு விட்டுக் கலைப்பது குற்றம் மட்டுமல்ல, நமக்குப் பயனற்ற வேலையும்கூட. நமக்கு வேண்டியது பதற்றமில்லாத பறவை: தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, காலால் சேற்றை மிதித்துக் கலக்கியபடி மெல்ல நகரும் அதன் மேய்ச்சல் நடை. அதைத் தொலைவிலிருந்தே படமெடுக்கலாம்.

ஆனால் படம் இறகோடு நின்றுவிடுகிறது. மூட்டு எங்கே பூட்டிக்கொள்கிறது, எடை எந்த எலும்பு வழியாக இறங்குகிறது என்பதை எந்த லென்ஸும் காட்டாது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் யங்-ஹூய் சாங்கும் லீனா டிங்கும் இறந்த பூநாரைகளை நிறுத்திப் பார்த்தார்கள். தசை துளியும் இயங்காத அந்த உடல் ஒற்றைக் காலில் நிலையாக நின்றது. இரண்டு காலில் அந்த நிலைப்பு இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைக்குத் தள்ளாட்டம் சேர்த்துக் கீ ஃபிரேம் போடும் வழக்கம் அடியோடு தவறு என்பதை ஒரு சடலம் சொல்லிவிட்டது. எத்தனை மணி நேர வீடியோவும் இதைச் சொல்லியிருக்காது.

அந்தச் சடலம் இங்கே நமக்குக் கிடைக்காது. 39ஆம் பிரிவின்படி இறந்து கிடக்கும் காட்டுயிர் அரசின் சொத்து. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இதைத் தளர்த்தினால் வேட்டைக்குக் கதவு திறக்கும் என்பார்கள். சரியான அச்சம்தான்; தளர்த்தச் சொல்லவில்லை. எலும்பு அரசிடமே இருக்கட்டும், சிடி ஸ்கேன் கோப்பை மட்டும் பொதுவில் வையுங்கள் என்கிறோம். கோப்பை யாரும் கள்ளச்சந்தையில் விற்கப்போவதில்லை. வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எழும்பூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து இரண்டும் வண்டியில் போய்வரும் தூரம். திரையில் உயிருள்ள விலங்கைத் தவிர்க்கச் சொல்லும் அதிகாரிகள், கணினியில் அதை உருவாக்குபவர் எதைப் பார்த்துப் படிப்பார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. விதி வகுக்கும் மேசையில் விலங்கு நல வாரியம் இருக்கிறது, தயாரிப்பாளர் இருக்கிறார். அனிமேட்டருக்கு நாற்காலி இல்லை.

பழவேற்காட்டுக் கரையில் கூனங்குப்பத்திலோ லைட்ஹவுஸ்குப்பத்திலோ வலை போடப் போகிறவர்தான் செத்த பறவையை முதலில் பார்க்கிறார். வம்பு எதற்கு என்று அவர் ஒதுங்கிப் போகாமல் தகவல் சொல்லும்படி, யாரிடம் சொல்வது, உடலை யார் எடுத்துப்போவது, ஸ்கேன் எங்கே எடுப்பது என்று வனத்துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.