யாருக்கு எந்தக் கோப்பை?

சம்பளம் ஐந்தாயிரம் வெள்ளியைத் தாண்டியதும் நம் ஆட்களுக்கு ரசனை வந்துவிடுகிறது. நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முதலில் கோப்பி மாறும். த்ரீ-இன்-ஒன் பாக்கெட் போய் கொட்டை அரைக்கும் மெஷின் வரும். அப்புறம் அந்தக் கோப்பியை ஊற்றிக் குடிக்கும் கப் மாறும். கப்புக்கு ஏற்ற தட்டு, தட்டுக்கு ஏற்ற மரப்பலகை, அதற்குப் பின்னால் ஒரு லினன் துணி, ஓரத்தில் காய்ந்த புல் செருகிய ஜாடி. இரண்டு வருஷத்தில் வீடே சாம்பலும் மண்ணும் கலந்த ஒரே நிறத்துக்கு வந்து சேரும். கேட்டால், "டேஸ்ட் டெவலப் ஆயிருச்சு மச்சான்."

போன வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அப்படி டேஸ்ட் டெவலப் ஆன நண்பர் ஒருவர் வீட்டில் வாசிப்புச் சந்திப்பு. பூச்சோங்கில் பதினேழாவது மாடி. நாங்கள் ஏழு பேர். பேச எடுத்துக்கொண்டது தோட்டப்புற வாழ்வைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பு. ஆளுக்கு ஒரு கப்பில் டீ வந்தது. எல்லாம் கையால் வனைந்த ஸ்டோன்வேர், ஒன்று போல் இன்னொன்று இல்லை. பேச்சு சூடாகி ஒருவர் கையை வீசியதில் ஒரு கப் தரையில் விழுந்து காது உடைந்தது. அவர் பதறிப்போனார். நண்பர் சிரித்துக்கொண்டே, "விடு, கின்ட்சுகி பண்ணிக்கலாம், இன்னும் அழகா இருக்கும்" என்றார். உடைந்ததைத் தங்கப்பொடி கலந்த அரக்கால் ஒட்டும் ஜப்பானிய வேலை. அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம்.

அந்த நேரத்தில் வீடு துடைக்க வரும் இந்தோனேசியப் பெண்மணி சமையலறையில் இருந்தார். நண்பர் நல்ல மனிதர், மற்றவர்களைவிட அவருக்கு அதிகமாகவே சம்பளம் கொடுப்பவர். அதே டீயை அவருக்கும் ஊற்றினார். ஆனால் கப்புக்குக் கை மேல் அலமாரிக்குப் போகவில்லை. குனிந்து, சிங்க்குக்குக் கீழே இருந்து, சாக்லேட் பானம் வாங்கினால் இலவசமாகக் கொடுப்பார்களே, அந்த பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். யோசித்துச் செய்யவில்லை. அதுதான் விஷயமே. நாங்கள் ஏழு பேரும் அப்போது, பங்களாவின் பின்வாசல் படியில் ஒரு தொழிலாளி காத்து நிற்கும் காட்சி எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சிலாகித்துக்கொண்டிருந்தோம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க யோக்கியதையும் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு என் வீட்டில் ஏர்கோன் செர்விஸ் பண்ண வந்த தமிழர் ஒருவருக்கு நான் பேப்பர் கப்பில்தான் தண்ணீர் கொடுத்தேன். அலமாரியில் பதினான்கு கப் இருந்தது.

இதைச் சொன்னதும் ஒரு தரப்பு சந்தோஷப்படும் என்று தெரியும். "அதான் அப்பவே சொன்னோம், புத்தகம் வாங்க வேண்டிய காசில் தட்டுமுட்டுச் சாமான் வாங்குறீங்க" என்பார்கள் நம் மூத்தவர்கள் சிலர். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எண்பது வெள்ளிக்கு ஒரு கப் வாங்கியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உழைக்கிறவன் அழகான பாத்திரத்தில் சாப்பிட ஆசைப்படுவது முதலாளித்துவச் சதி என்றால், அழகு எப்போதும் துரை வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். ஒரு பொருளைக் கூர்ந்து பார்க்கப் பழகுவது சின்ன விஷயம் இல்லை. பச்சைப் பூ போட்ட கோப்பித்தியாம் கப்பை எடுங்கள். அது ஏன் அவ்வளவு தடிமன்? கடைக்காரர் அதைக் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் கோப்பி ஊற்றுகிறார். தடித்த பீங்கான் அந்தச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பேப்பர் வாசித்து முடிக்கும்வரை கோப்பி ஆறாது. நம் சில்வர் டம்ளரின் விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது? சூடான டம்ளரை அந்த விளிம்பில் பிடித்துத் தூக்கலாம், உதடு படாமல் அண்ணாந்தும் ஊற்றிக்கொள்ளலாம். உலோகத்தில் பதினெட்டு சதவீதம் குரோமியம், எட்டு சதவீதம் நிக்கல். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்வதால்தான் துரு ஏறுவதில்லை. இதெல்லாம் தெரிந்து ரசிப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் 'உதடு படாமல்' என்று எழுதினேனே, அங்கேதான் இடிக்கிறது. எச்சில், தீட்டு என்ற பயம் இல்லாமல் அந்த டம்ளரின் கதையைச் சொல்ல முடியாது. மண்பாத்திரத்தில் ஏறிய எச்சில் போகாது, உலோகமாக இருந்தால் தேய்த்துக் கழுவிச் சுத்தமாக்கலாம் என்பது பழைய ஆசாரக் கணக்கு. யார் வாய் பட்டது, யார் கை பட்டது என்ற கேள்வி நம் ரசனைக்குள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த இரட்டைக் குவளை முறை இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். தீண்டாமையை ஒழித்த இந்திய அரசியலமைப்பு 1950இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல காலம் அந்தத் தனி டம்ளர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது அங்க லா, இங்க நாம எல்லாம் ஒன்னு" என்பீர்கள். என் பாட்டி அப்படிச் சொல்ல மாட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்தில் சில வீடுகளில் தாகத்துக்குக் கேட்டால் கொட்டாங்கச்சியில்தான் தண்ணீர் வரும் என்று ஒருமுறை சொன்னார். குடித்துவிட்டு அதை வேலியோரம் போட்டுவிட்டு வர வேண்டும். "சுத்தமா இருந்துச்சு, நல்லாதான் சொரண்டி வச்சிருப்பாங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டார், அந்த வீட்டுக்காரர்களை விட்டுக்கொடுக்காத மாதிரி. இன்று அதே கொட்டாங்கச்சியை மெருகேற்றி எண்ணெய் பூசி, கஃபேக்களில் பழக்கூழ் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், படமும் எடுத்திருக்கிறேன். பாட்டிக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை.

அடுத்தது மங்கு. ரப்பர் மரத்தில் பால் வடியும் கோப்பை. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக்கடைசிப் பழம்பொருள் சந்தை நடக்குமே, அங்கே பழைய பீங்கான் மங்கு நான்கு வாங்கினேன். உள்ளே மெழுகுத்திரி ஏற்றிவைத்தால் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் சீனர்களின் சூளைகளில் இதைச் சுட்டுத் தள்ளினார்கள். சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் 1940இல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளை இன்றும் நிற்கிறது, அங்கே சுட்டவற்றில் மங்கும் உண்டு. இதையெல்லாம் தேடி வாசித்து வைத்திருந்தேன், வருகிறவர்களுக்குச் சொல்லலாம் என்று.

முதலில் வந்தவர் பாட்டி. மங்கைக் கையில் எடுத்தார். கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். மெழுகு ஒட்டியிருந்தது, அதை நகத்தால் உரித்துப் போட்டார். பத்து வயதில் அவர் அம்மாவுக்கு ஒத்தாசையாக மங்கு துடைக்கப் போனவர். விடியுமுன் வெளிச்சம் வராத காட்டில், ஒவ்வொரு மரமாக ஓடி, முந்தின நாள் காய்ந்த பாலை உரித்துத் துடைத்து, திருப்பி வைக்க வேண்டும். விரலிடுக்கில் பால் வாசனை போகவே போகாது, அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடம், அதுவும் கொஞ்ச நாள்தான். "இத காசு குடுத்தா வாங்குன?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு என்று நான் சொல்லவில்லை.

மங்கில் மெழுகுத்திரி ஏற்றக் கூடாது என்று நான் எழுதப்போவதில்லை. அது அசட்டு உணர்ச்சி. நான் கேட்பது வேறு. மங்கை அலமாரிக்கு ஏற்றிவிட்டோம். அதைத் துடைத்த கையின் இன்றைய வாரிசுகளை, அதாவது துடைப்பமும் ஏணியும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வருகிறவர்களை, எந்தக் கப்பில் வரவேற்கிறோம்?

ஜப்பானில் சோயெட்சு யானாகி என்று ஒருவர் இருந்தார். பேர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பாத்திரங்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதிட்டவர். 'மிங்கெய்', மக்கள் கைவினை, என்ற சொல்லை 1920களில் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1936இல் தோக்கியோவில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அவர் மிகவும் போற்றிய பொருள்களில் ஒன்று கிசாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணம். அது கொரியாவில் ஏழைகள் புழங்கிய சாதாரணக் கிண்ணம் என்றுதான் யானாகி சொன்னார். ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் அதன் அழகைக் கண்டுகொண்டார்கள், சரிதான். ஆனால் 1931இல் அவர் அதைப் பார்க்கப் போனபோது அது கியோத்தோ கோயில் ஒன்றில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று வைக்கப்பட்டிருந்தது. அப்போது கொரியா ஜப்பானின் காலனி. கிண்ணத்துக்குப் பட்டுத்துணி, கிண்ணம் செய்தவனின் பேரப்பிள்ளைகளுக்கு போலீஸ் லத்தி. யானாகி கொரியர்களுக்காகக் குரல் கொடுத்தவர், அதை மறைக்கக் கூடாது. அவரை மேற்கோள் காட்டி கப் விற்கும் கடைகள் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

நமக்குப் பெட்டி எதற்கு, ஷோகேஸ் இருக்கிறது. எங்கள் வீட்டு ஷோகேஸைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அம்மா பத்து மாதம் கூட்டு கட்டி, முறை வந்ததும் வாங்கிய கோரெல் செட். வெள்ளையில் நீலப்பூ. கோரெல் தட்டு 1970இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோதே அதன் பெருமை, சுலபத்தில் உடையாது என்பதுதான். மூன்று அடுக்குக் கண்ணாடியைச் சேர்த்து ஒட்டிச் செய்கிறார்கள், நடு அடுக்கு வெளி அடுக்குகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று வேளையும் போட்டுப் புழங்குவதற்காகவே செய்த தட்டு. அதை அம்மா பூட்டிவைத்தார். தீபாவளிக்கு அப்பாவின் சீன முதலாளி வரும்போது, அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, தலைமையாசிரியர் ஒருமுறை வந்தபோது அது வெளியே வந்தது. கழுவித் துடைத்து உடனே உள்ளே போனது.

அப்பாவுக்குப் பேர் பொறித்த சில்வர் தட்டு. எனக்கும் அக்காவுக்கும் பாசார் மாலாமில் வாங்கிய மெலமைன் தட்டு, அவளுடையது முயல், என்னுடையது ரயில். அம்மாவின் தட்டு எது என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. விளிம்பு நசுங்கிய ஏதோ ஒன்று. பல நாள் சோற்றுச்சட்டி மூடியைத் திருப்பிப் போட்டு அதில் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்பங்கரையில், நின்றுகொண்டே. பத்து மாதம் கூட்டு கட்டியது அவர். ஒருநாள்கூட அந்த நீலப்பூத் தட்டில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நாம் நம் அம்மாக்களின் ஷோகேஸைக் கிண்டல் செய்கிறோம். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு, திறந்த மர அலமாரி வைத்துவிட்டோம், சரி. சாவி மட்டும் நம்மிடமே இருக்கிறது. யாருக்கு எது என்ற பட்டியல் ஒரு வரி மாறாமல் கைமாறி வந்திருக்கிறது. முதலாளி இருந்த இடத்தில் இலக்கிய நண்பர்கள். அம்மா இருந்த இடத்தில் வேலைக்கு வருகிறவர்.

உடைந்துவிடுமே என்று பயமாம். இந்த வாதத்தை நான் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று பூச்சோங்கில் கப்பை உடைத்தவர் முதுகலைப் பட்டதாரி. அவர் உடைத்தபோது அது தத்துவம் ஆனது. அதே கப்பை அந்தப் பெண்மணி உடைத்திருந்தால்? நண்பர் திட்டியிருக்க மாட்டார், அவ்வளவு கெட்டவர் இல்லை. ஆனால் கின்ட்சுகி என்ற சொல் அவர் வாயில் வந்திருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். "பரவால்ல கா" என்று சொல்லிவிட்டு, இரவு ஷாப்பியில் அதே கப்பின் விலையைப் பார்த்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால், ரசனை வளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிற என் வயது வாசகர்களைக் கேட்கிறேன். வெள்ளைப் புத்தக அலமாரி முன்னால் கப் வைத்துப் படம் போடுகிறவர்களே, சிங்க்குக்குக் கீழே என்ன வைத்திருக்கிறீர்கள்? அதையும் ஒரு படம் போடுங்கள். உங்கள் சேகரிப்பின் உண்மையான பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் ஏர்கோன் மறுபடி தண்ணீர் சொட்டியது. அதே அண்ணன்தான் வந்தார். இந்த முறை பேப்பர் கப் வாங்கிவைக்கவில்லை, வேண்டுமென்றேதான். நீலச்சாம்பல் பூச்சு போட்ட கப்பில் டீ கலந்து கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"வேற கப்பு இல்லையா தம்பி? பிளாஸ்டிக்கு ஏதாச்சும்? இது உடைஞ்சா நான் எங்க போறது."

உடைந்தால் பரவாயில்லை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சோபாவைக் காட்டினேன், உடுப்பெல்லாம் அழுக்கு என்று உட்காரவில்லை. இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, ஏணிக்குப் பக்கத்தில் நின்றபடியே, டீ ஆறுவதற்குள் அவசரமாகக் குடித்தார். நான் வாங்குவதற்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. சிங்க்குக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுக் கழுவி, துணியைத் தேடித் துடைத்து, அலமாரியில் இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.